எல்லை எழுதப்படாத சாவிகள்

2051-ஆம் ஆண்டு அக்டோபர் 6. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக் குழு ஒன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பொதுவில் வைத்திருந்த ஓர் இணைப்பின் காலாவதித் தேதி அது. தாங்கள் உருவாக்கிய மாதிரிகளை மற்றவர்களும் பதிவிறக்கிக்கொள்ளட்டும் என்பதுதான் அவர்களின் நோக்கம். அதற்காக மைக்ரோசாப்டின் இணையவழிச் சேமிப்பகமான அஷ்யூருக்கு ஓர் அணுகல் டோக்கன், அதாவது கடவுச்சொல் இல்லாமலே உள்ளே விடும் அனுமதிச் சரம், உருவாக்கி, அதை இணைப்போடு சேர்த்து வெளியிட்டார்கள். 2020 ஜூலையில் போட்ட அந்த டோக்கனுக்கு முதலில் 2021 அக்டோபர் வரைதான் ஆயுள் இருந்தது. அது முடிந்ததும் புதுப்பித்தார்கள், இந்த முறை முப்பது ஆண்டுகளுக்கு.

அந்த டோக்கன் மாதிரிகள் இருந்த இடத்தோடு நிற்கவில்லை. சேமிப்பகக் கணக்கு முழுவதையும் திறந்தது. படிக்க மட்டுமல்லாமல் எழுதவும் அழிக்கவும் இடம் கொடுத்தது. 2023 ஜூனில் விஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்ன பிறகே அது செல்லாததாக்கப்பட்டது. அதுவரை 38 டெராபைட் தரவு திறந்து கிடந்தது. இரண்டு ஊழியர்களுடைய கணினிகளின் காப்புப் பிரதிகள், கடவுச்சொற்கள், நிறுவனத்துக்குள் பரிமாறிக்கொண்ட 30,000-க்கும் மேற்பட்ட டீம்ஸ் செய்திகள் எல்லாம் அதில் இருந்தன.

இங்கே யாரும் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை, எந்தக் கடவுச்சொல்லையும் ஊகிக்கவில்லை. எதைத் திறக்க வேண்டும், திறந்தபின் என்ன செய்யலாம், எதுவரைக்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் டோக்கனை உருவாக்கியவர்களிடம் அந்த நாளிலேயே பதில் இருந்தது. ஒரு கோப்புறை, படிக்க மட்டும், தேவைப்படும் காலம் வரை. அந்தப் பதில் டோக்கனுக்குள் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

கடைகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுப்பது என் தொழில். பில் போடும் மென்பொருளைப் பணம் வாங்கும் சேவையோடும், இணையதளத்தை வரைபடத்தோடும், சரக்கிருப்பைக் கூரியர் நிறுவனத்தோடும் சேர்த்துவைப்பேன். ஒவ்வொரு இணைப்பின் நடுவிலும் ஓர் ஏபிஐ சாவி இருக்கும், ஒரு மென்பொருள் இன்னொன்றைக் கூப்பிடும்போது காட்டும் அனுமதி அது. இந்தத் தொழிலில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. ஒரு சாவியின் எல்லையை எழுத ஏற்ற நாள் அது பிறக்கும் நாள்தான். அன்றைக்கு அது எதற்கு என்று நமக்கு முழுமையாகத் தெரியும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட சாவியைப் பின்னால் யாரும் கட்டுப்படுத்துவதில்லை. ஆறு மாதம் கழித்து அதைத் தொட்டால் எது நின்றுபோகும் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் தொட மாட்டார்கள்.

சாவி என்பது ஒரு நீண்ட எழுத்துச் சரம். அது முன்பதிவில்லாத ரயில் டிக்கெட்டைப் போன்றது. யார் வாங்கினார்கள் என்று டிக்கெட்டுக்குத் தெரியாது, கையில் வைத்திருப்பவர் பயணம் போகலாம். கடவுச்சொல் ஒரு மனிதரைச் சுட்டும். அதனோடு ஓடிபி, கைபேசி என்று இன்னும் இரண்டு கேள்விகள் கேட்க முடியும். சாவியை அனுப்புவது இன்னொரு இயந்திரம். நள்ளிரவு இரண்டு மணிக்கு ஓடும் நிரலிடம் ஓடிபி கேட்க முடியாது. அதனால் சாவியை நகலெடுத்தவருக்கும் சாவியின் சொந்தக்காரருக்கும் சர்வரின் கண்ணில் எந்த வேறுபாடும் இல்லை. வேறுபாடு வேண்டும் என்றால் அதை நாம்தான் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.

இதற்கு முன்பு இருந்த நிலைமை இன்னும் மோசம். 2010 ஆகஸ்ட் வரை, டுவிட்டரோடு இணையும் ஒரு செயலி உங்களிடம் டுவிட்டர் கடவுச்சொல்லையே வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ள முடிந்தது. உங்கள் பதிவுகளைக் காட்டுவது மட்டுமே வேலையாக உள்ள செயலிக்கும் உங்கள் பெயரில் எழுதும் அதிகாரம் கைக்கு வந்தது. கடவுச்சொல்லைக் கொடுக்காமலே அதிகாரத்தில் ஒரு துண்டை மட்டும் வெட்டிக் கொடுப்பதற்காகத்தான் சாவிகளும் டோக்கன்களும் வந்தன. துண்டாக வெட்டாமல் முழுவதையும் சாவியில் ஏற்றிக் கொடுத்தால், நாம் அந்தப் பழைய நிலைக்கே திரும்பிப் போகிறோம். ஒவ்வொரு நிரலும் தன் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமையோடு மட்டுமே இயங்க வேண்டும் என்று ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-லேயே எழுதிவிட்டார்கள். கொள்கை புதிதல்ல. சாவி உருவாக்கும் திரையில் அதைச் செயல்படுத்த நாம் செலவிடும் நேரம்தான் குறைவு.

கூகுள் வரைபடத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். சிறு கடைகளின் இணையதளங்களில் நான் அதிகம் பார்ப்பது அதைத்தான்.

2018-இன் நடுப்பகுதி வரை பல தளங்களில் சாவியே இல்லாமல் வரைபடம் ஓடியது. அந்த ஆண்டு கூகுள் மேப்ஸ் பிளாட்ஃபார்ம் என்ற பெயரில் சேவையை மாற்றியமைத்தபோது சாவியும் பில்லிங் கணக்கும் கட்டாயமாயின. அவசரம் அவசரமாகச் சாவிகள் உருவாக்கப்பட்டன. வரைபடம் தெரிந்தது, வேலை முடிந்தது என்று விட்டுவிட்டார்கள். கட்டுப்பாடு எதுவும் இல்லாத அந்தச் சாவிகளில் பல இன்றைக்கும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன.

வரைபடச் சாவியின் தனித்தன்மை, அதை மறைக்கவே முடியாது என்பது. வரைபடம் வாடிக்கையாளரின் உலாவியில் ஓடுகிறது, எனவே சாவியும் அங்கே போயாக வேண்டும். பக்கத்தின் மூலநிரலைத் திறக்கத் தெரிந்த எவரும் அதைப் பார்க்கலாம். சாவியைத் துண்டு துண்டாக உடைத்து ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒளித்துவைக்கும் வித்தைகளை நான் பார்த்திருக்கிறேன், அவற்றால் எந்தப் பயனும் இல்லை. உலாவியின் நெட்வொர்க் பகுதியில் சாவி முழுதாக வந்து நிற்கும். ஆகவே இங்கே பாதுகாப்பு ரகசியத்திலிருந்து வராது, கட்டுப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும்.

இந்தச் சாவிகளை உருவாக்கும் இடமான கூகுள் கிளவுடில் ஒரு சாவிக்கு இரண்டு வகை எல்லைகள் போடலாம். ஒன்று, எங்கிருந்து வரும் அழைப்பை ஏற்பது என்பது. இணையதளத்தின் முகவரி, சர்வரின் ஐபி முகவரி (இணையத்தில் அதன் எண்), ஆண்ட்ராய்டு செயலி, ஐஓஎஸ் செயலி ஆகிய நான்கில் ஒரு வகையைத்தான் ஒரு சாவிக்குத் தேர்ந்தெடுக்க முடியும். இரண்டாவது, எந்தெந்தச் சேவைகளுக்கு அது செல்லும் என்ற பட்டியல். இரண்டையும் போட வேண்டும். ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை விடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

இணையதள முகவரியைக் கொடுக்கும்போது, முன்னால் மூன்று டபிள்யூ சேர்த்த வடிவம், சேர்க்காத வடிவம் இரண்டையும் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பாதி வாடிக்கையாளர்களுக்கு வரைபடம் வராது, கடைக்காரர் வேறு ஒருவரைக் கூப்பிடுவார், அவர் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டுப் போவார். குறிப்பிட்ட பக்கத்தின் முழு முகவரியை எழுதிக் கட்டுப்படுத்துவதும் பயன் தராது. வேறொரு தளத்திற்கு அழைப்பு போகும்போது உலாவிகள் இப்போது பெரும்பாலும் தளத்தின் பெயரை மட்டுமே அனுப்புகின்றன, பக்கத்தின் முகவரியை அனுப்புவதில்லை. இன்னொன்று, நிரல் எழுதும்போது சோதித்துப் பார்க்கச் சேர்த்த லோக்கல்ஹோஸ்ட் முகவரி, எந்தக் கணினியும் தன்னையே குறிக்கப் பயன்படுத்தும் பெயர். அது பட்டியலில் இருந்தால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் தம் சொந்தக் கணினியில் உட்கார்ந்து உங்கள் சாவியை உங்கள் செலவில் ஓட்டலாம். சோதனைக்குத் தனிச் சாவி போடுங்கள். குறைந்த வரம்போடு, வேறொரு திட்டத்தில் (சாவிகளையும் சேவைகளையும் ஒன்றாக வைக்கும் கூகுள் கிளவுட் பிரிவு) இருக்கட்டும்.

அடுத்து ஒரு பொறி இருக்கிறது. இந்தத் துறையில் பெரும்பாலான சாவிகள் கட்டவிழ்ந்துபோவது இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கடைக்காரர் ஒரு நாள், வாடிக்கையாளர் முகவரியை வைத்து டெலிவரி தூரத்தைக் கணக்கிட வேண்டும் என்கிறார். நிரலாளர் சர்வரிலிருந்து, முகவரியை வரைபடப் புள்ளியாக மாற்றும் ஜியோகோடிங் சேவையைக் கூப்பிடுகிறார், கையில் இருக்கும் வரைபடச் சாவியையே போடுகிறார். இணையதள முகவரியால் கட்டுப்படுத்திய சாவியை இந்தச் சேவையில் பயன்படுத்த முடியாது என்று பிழைச்செய்தி வருகிறது. செய்தி சரியாகத்தான் சொல்கிறது. சர்வரிலிருந்து போகும் அழைப்புக்கு ஐபி முகவரியால் கட்டுப்படுத்திய இன்னொரு சாவி வேண்டும் என்பதே அதன் பொருள். ஆனால் மாலை ஆறு மணிக்குள் வேலையை முடிக்க வேண்டியவர் கட்டுப்பாடு என்ற சொல்லைப் பார்த்ததும் கட்டுப்பாட்டை எடுத்துவிடுகிறார். எல்லாம் ஓடுகிறது. உலாவியில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் சாவி, அந்த நிமிடத்திலிருந்து எந்த எல்லையும் இல்லாத சாவியாகிவிடுகிறது.

ஐபி கட்டுப்பாட்டிலும் நம் ஊர் நிலைமைக்கு ஏற்ற சிக்கல்கள் உண்டு. அலுவலகத்து பிராட்பேண்ட் இணைப்பின் முகவரி மாறிக்கொண்டே இருக்கும். பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் உங்கள் தளம் இருந்தால், அதே சர்வரில் இருக்கும் முன்பின் தெரியாத பல தளங்களுக்கும் அதே ஐபிதான். அப்படிப்பட்ட இடங்களில் ஐபியை மட்டும் நம்பக் கூடாது. சேவைப் பட்டியலைக் குறுக்குவதும் ஒரு நாளைக்கு இத்தனை அழைப்புகள்தான் என்று வரம்பு வைப்பதும் அங்கே கூடுதலாக முக்கியமாகின்றன.

வரம்பைப் பற்றி எல்லாக் கடைக்காரர்களிடமும் நான் ஒரு விஷயத்தை வலியுறுத்திச் சொல்வது உண்டு. கூகுள் கிளவுடில் பட்ஜெட் எச்சரிக்கை வைப்பது வேறு, வரம்பு வைப்பது வேறு. பட்ஜெட்டில் ஐயாயிரம் ரூபாய் என்று எழுதினால், ஐயாயிரத்தைத் தொட்டதும் மின்னஞ்சல் வரும். சேவை நிற்காது. இரவில் யாராவது சாவியை ஓட்டினால், காலையில் மின்னஞ்சலைப் பார்க்கும் வரை மீட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நிறுத்துவது கோட்டா வரம்புதான். ஒரு கடையின் தளத்தில் நாளுக்குச் சில நூறு முறை வரைபடம் திறக்கிறது என்றால், ஆயிரத்தில் வரம்பு வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். உலாவிக்கு வெளியிலிருந்து அழைப்பவர் இணையதள முகவரியைப் பொய்யாக எழுதி அனுப்ப முடியும் என்பதால், முகவரிக் கட்டுப்பாடு போட்ட சாவிக்கும் இந்த வரம்பு வேண்டும்.

ஆண்ட்ராய்டில் செயலியின் பெயரோடு அதன் கையொப்பச் சான்றிதழின் கைரேகையையும் (சான்றிதழை அடையாளம் காட்டும் எழுத்துச் சரம்) சேர்த்துப் பூட்டுகிறோம். இதில் வரும் சிக்கல் ஒன்றுதான், ஆனால் எல்லோருக்கும் வரும். நிரலாளரின் கணினியில் வரைபடம் அழகாக வரும், பிளே ஸ்டோரிலிருந்து இறக்கினால் வெறும் சாம்பல் கட்டம் நிற்கும். பிளே ஸ்டோர் செயலிக்குத் தன்னிடமுள்ள சான்றிதழால் மறுபடி கையொப்பமிட்டு வெளியிடுவதே காரணம். அந்தச் சான்றிதழின் கைரேகை பிளே கன்சோலில் இருக்கிறது, எடுத்துச் சேர்த்தால் முடிந்தது. இங்கேயும் பலர் கட்டுப்பாட்டை நீக்குவதையே தீர்வாக எடுத்துக்கொள்கிறார்கள்.

சேவைப் பட்டியல் ஏன் அவ்வளவு முக்கியம்? பட்டியல் போடாத சாவி, அந்தத் திட்டத்தில் இயக்கப்பட்டிருக்கும் சாவியை ஏற்கும் எல்லாச் சேவைகளுக்கும் செல்லும். இன்றைக்கு இருக்கும் சேவைகளுக்கு மட்டுமல்ல, நாளைக்கு யாராவது அதே திட்டத்தில் புதிதாக இயக்கும் சேவைக்கும் செல்லும். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு வரைபடத்துக்காகப் போட்டு, பக்கத்தின் மூலநிரலில் எல்லோரும் பார்க்கும்படி கிடக்கும் சாவியை நினைத்துப் பாருங்கள். இந்த ஆண்டு அதே திட்டத்தில் இன்னொருவர் செயற்கை நுண்ணறிவுச் சேவை ஒன்றை இயக்குகிறார். பழைய சாவியை யாரும் தொடவில்லை, ஆனாலும் அதன் அதிகாரம் வளர்ந்துவிட வழி திறக்கிறது. அனுமதி எதுவும் எழுதாத சாவி என்றால் தானாக எதுவும் செய்ய முடியாத சாவி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எல்லை எழுதாத சாவி தானாக வளரும் என்பதை நிறையப் பேர் அறிந்திருக்கவில்லை.

திருநெல்வேலிப் பக்கம் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சிக்கு இப்படிச் சாவிகளைப் பிரித்துக் கொடுத்தபோது அவர் கேட்டார்: "ஏன் அம்மா, இத்தனை நாள் ஒரே சாவியில் எல்லாம் ஓடியதே. இப்போது எதற்கு நான்கு?"

"ஒன்று வெளியே போய்விட்டால் அந்த ஒன்றை மட்டும் நிறுத்தலாம், அண்ணாச்சி. மற்ற மூன்றும் ஓடும். கடை நிற்காது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "எந்தச் சாவி எந்த வேலைக்கு, யார் கையில் என்று எங்கே எழுதி வைத்திருக்கிறாய்? நீ நாளைக்கு வரவில்லை என்றால் எனக்குத் தெரிய வேண்டாமா?"

கணக்குப் பேரேட்டோடு வாழ்ந்த மனிதர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டார். பெரிய நிறுவனங்களின் தணிக்கையில்கூட முதல் கேள்வி இதுதான். சாவிக்குப் பெயர் வைக்கும்போது 'ஏபிஐ கீ 1', 'ஏபிஐ கீ 2' என்று திரை தரும் பெயரையே விட்டுவிடாதீர்கள். 'கடைத்தளம் வரைபடம் உலாவி', 'டெலிவரி தூரம் சர்வர்' என்று வேலையையும் இடத்தையும் பெயரிலேயே எழுதுங்கள். யார் கேட்டு உருவாக்கியது, எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, எப்போது மாற்ற வேண்டும் என்ற குறிப்பு கடைக்காரரிடம் ஒரு நோட்டில் இருந்தாலும் போதும். சாவியின் எழுத்துக்களை மட்டும் அந்த நோட்டில் எழுதக் கூடாது.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம், சாவி யாருடைய கணக்கில் பிறக்கிறது என்பது. அண்ணாச்சியின் பழைய சாவியை உருவாக்கிய நிரலாளர் அதைத் தன் சொந்த மின்னஞ்சல் கணக்கில் உருவாக்கியிருந்தார். அவர் வேறு வேலைக்குப் போனபின் கடைக்காரருக்கு அந்தத் திட்டத்திற்குள் நுழையவே வழியில்லை, கட்டுப்படுத்துவது எங்கே? தீய எண்ணம் ஒன்றும் அதில் இல்லை, அன்றைக்கு அதுவே எளிதாக இருந்தது. ஆனால் கடையின் சாவி கடையின் கணக்கில்தான் பிறக்க வேண்டும், நிரலாளர் அங்கே அழைக்கப்பட்ட விருந்தினராகத்தான் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பணம் வாங்கும் சேவைகளில் சாவி இரண்டு பகுதியாக வரும். ரேசர்பே அடையாளச் சாவி ஒன்றையும் ரகசியம் ஒன்றையும் தருகிறது, ஸ்ட்ரைப் வெளியிடத்தக்க சாவி, ரகசியச் சாவி என்று தருகிறது. முதலாவது உலாவிக்குப் போகலாம், இரண்டாவது சர்வரை விட்டு நகரவே கூடாது. சோதனைச் சாவியும் நிஜப் பணத்தின் சாவியும் பெயரிலேயே வேறுபடும்படி தொடக்க எழுத்துக்கள் வைத்திருக்கிறார்கள், மிக நல்ல ஏற்பாடு. கடையின் கைபேசிச் செயலிக்குள் ரகசியத்தையே வைத்துக் கட்டிய மென்பொருளைப் பார்த்தால் எனக்குப் பதற்றமாகிவிடும். செயலிக் கோப்பைப் பிரித்துப் படிப்பது கடினமே இல்லை, ரகசியம் கிடைத்தவர் கடையின் பெயரில் பணத்தைத் திருப்பி அனுப்பும் உத்தரவுகூடக் கொடுக்கலாம். ஸ்ட்ரைப்பில் கட்டுப்படுத்தப்பட்ட சாவி என்று ஒரு வகை இருக்கிறது. ஒவ்வொரு வகைத் தரவுக்கும் 'அனுமதி இல்லை', 'படிக்க மட்டும்', 'எழுதவும்' என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். மாத வரவை எடுத்துக் கணக்குப் போடும் நிரலுக்குப் படிக்கும் அனுமதி மட்டும் போதும். அதற்கு முழு ரகசியச் சாவியைக் கொடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

சாவியை உருவாக்கியாயிற்று, எல்லையும் எழுதியாயிற்று. அடுத்து அது எங்கே வாழப்போகிறது என்ற கேள்வி வருகிறது. நிரலுக்குள் எழுதிவைக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், இன்னும் நடக்கிறது. காரை இணையத்தோடு இணைக்கும் டொயோட்டாவின் டி-கனெக்ட் சேவைக்கு வேலை செய்த ஒப்பந்ததாரர் 2017 டிசம்பரில் மூலநிரலின் ஒரு பகுதியைக் கிட்ஹப்பில் பொதுவில் ஏற்றிவிட்டார். தரவு சர்வரின் அணுகல் சாவி அதில் இருந்தது. 2022 செப்டம்பர் வரை யாரும் கவனிக்கவில்லை. 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் வெளியே போயிருக்கலாம் என்று நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஒரே சாவி செல்லுபடியாகிக்கொண்டிருந்தது என்பதுதான் இதில் என்னை அதிகம் உறுத்துகிறது. ஆண்டுக்கொரு முறை மாற்றியிருந்தால்கூட, 2018-இன் முடிவில் அந்த வரி வெறும் எழுத்துக்களாகிப் போயிருக்கும்.

கிட்ஹப்புக்கு அடிப்படையான, நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் ஒரு கோப்பை அழித்தாலும் அதன் பழைய வடிவம் வரலாற்றில் நிற்கும் என்பதைப் புதிதாக வருபவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. அழிப்பது தீர்வல்ல. வெளியே போன சாவியை ரத்துசெய்து புதிதாக உருவாக்குவதுதான் தீர்வு, அதுவும் உடனே. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, கிட்ஹப்பில் 1,00,000-க்கும் மேற்பட்ட களஞ்சியங்களில் (நிரல் தொகுப்புகளில்) இப்படிச் சாவிகள் கிடப்பதையும், நாள்தோறும் ஆயிரக்கணக்கில் புதியவை சேர்வதையும் காட்டியது. ஒரு கோப்பு பொதுவில் ஏறிய சில நொடிகளிலேயே அதைக் கண்டெடுக்க முடியும் என்பதையும் அவர்கள் செய்து பார்த்தார்கள். தேடுபவர்கள் மனிதர்கள் அல்லர், ஓயாமல் ஓடும் நிரல்கள். சாவிகளின் தொடக்க எழுத்துக்கள் தேடுபவர்களுக்கு உதவுவதைப் போலவே காப்பவர்களுக்கும் உதவுகின்றன. 2021-இல் கிட்ஹப் தன் டோக்கன்களுக்குத் தனித் தொடக்க எழுத்துக்களையும் சரிபார்ப்பு எழுத்துக்களையும் சேர்த்தது இதற்காகத்தான். இப்போது பொதுக் களஞ்சியத்திற்குள் தெரிந்த வடிவச் சாவி ஒன்று ஏறப்போனால் வாசலிலேயே தடுக்கிறது.

தனிக் களஞ்சியம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஊபரின் கதையைச் சொல்கிறேன். 2014-இல் அதன் பொறியாளர் ஒருவர் கிட்ஹப்பில் பொதுவில் பதிந்த, அமேசானின் மேகச் சேமிப்பகத்தைத் திறக்கும் சாவி ஒன்றின் வழியாக ஓட்டுநர்களின் தகவல்கள் வெளியே போயின. எல்லா நிரல்களும் எல்லாப் பொறியாளர்களும் முழு நிர்வாக அதிகாரம் கொண்ட ஒரே சாவியைப் பகிர்ந்துகொண்டார்கள் என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் பின்னர் குற்றம்சாட்டியது. 2016-இல் மறுபடி நடந்தது. இந்த முறை தனிக் களஞ்சியத்திற்குள் நுழைந்தவர்களுக்கு அங்கே அமேசான் சாவி கிடைத்தது. உலகெங்கும் 5 கோடியே 70 லட்சம் பேரின் தகவல்கள் போயின. நிறுவனம் அதை ஓராண்டு வெளியே சொல்லவில்லை, அதன் பாதுகாப்புத் தலைவராக இருந்தவர் 2022-இல் நீதிமன்றத்தில் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டார். இரண்டு முறையும் சாவி வெளியே போனது தவறு. ஆனால் போன சாவி எவ்வளவு திறந்தது என்பதே இழப்பின் அளவைத் தீர்மானித்தது.

அதனால்தான் கிட்ஹப் டோக்கன் உருவாக்கும்போது பழைய வகையை நான் தேர்ந்தெடுப்பதில்லை. பழைய வகையில் களஞ்சிய அனுமதியை ஒரு முறை தொட்டால், உங்களுக்கு அணுகல் உள்ள எல்லாக் களஞ்சியங்களையும் படிக்கவும் எழுதவும் அது கொடுத்துவிடும். 2022-இல் வந்த நுண்ணனுமதி டோக்கனில் களஞ்சியத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடலாம், படிக்க மட்டும் என்று நிறுத்தலாம், காலாவதி வைக்கலாம். அமேசானில் சாவியை ஒரு தனிப் பயனருக்குக் கொடுத்து, அந்தப் பயனருக்கு ஒரே ஒரு சேமிப்பகத்தில் கோப்புகளை ஏற்ற மட்டும் அனுமதி எழுதலாம். எல்லா அதிகாரமும் கொண்ட மூலக் கணக்குக்குச் சாவியே உருவாக்கக் கூடாது. இன்னும் நல்லது, சாவியே வைத்துக்கொள்ளாமல் இருப்பது. கிட்ஹப்பில் ஓடும் வேலை ஒன்று அமேசானிடம் தன்னை அடையாளம் காட்டி, குறுகிய நேரத்தில் காலாவதியாகும் தற்காலிகச் சாவியைப் பெற்றுக்கொள்ள வழி இருக்கிறது. எங்கும் எழுதிவைக்காத சாவியை யாரும் கண்டெடுக்க முடியாது. வசதி இருக்கும் இடத்தில் எல்லாம் இதையே செய்யச் சொல்வேன்.

சாவியை மாற்றுவதைப் பற்றிப் பலருக்குப் பயம் இருக்கிறது. பயம் நியாயமானது, மாற்றும் நேரத்தில் கடை நின்றுபோகலாம். அமேசான் ஒரு பயனருக்கு ஒரே சமயத்தில் இரண்டு சாவிகள் வரை அனுமதிப்பது இந்தப் பயத்தைத் தீர்க்கத்தான். புதியதை உருவாக்கி, எல்லா இடத்திலும் மாற்றி, பழையது கடைசியாக எப்போது பயன்பட்டது என்று பார்த்து, முடக்கி, பிறகு அழிக்கலாம். ஆனால் எல்லா இடத்திலும் என்பதில்தான் கஷ்டம் இருக்கிறது. 2023 அக்டோபரில், உள்நுழைவுச் சேவை தரும் ஆக்டா நிறுவனத்தில் நடந்த ஊடுருவலில் தன் விவரங்களும் போனதும், இணையப் பாதுகாப்பு நிறுவனமான கிளவுட்ஃபிளேர் தன் சாவிகளை மாற்றியது. ஒரு டோக்கனும் மூன்று சேவைக் கணக்குகளும் மட்டும் விடுபட்டுப்போயின, பயன்பாட்டில் இல்லை என்று நினைத்திருந்தார்கள். அடுத்த மாதம் ஊடுருவியவர்கள் அந்த வழியாகவே உள்ளே வந்தார்கள். இத்தனை திறமை உள்ள நிறுவனத்திலும் பட்டியலில் இல்லாத சாவிதான் கதவாகிப்போனது. நடந்ததை அவர்கள் முழுமையாக வெளியிட்டார்கள், அதற்காக அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

பழைய அமைப்பு ஒன்று கைக்கு வரும்போது, எல்லையில்லாத சாவி ஒன்று அதில் ஓடிக்கொண்டிருந்தால், அதன்மேல் நேரடியாகக் கட்டுப்பாடு போடாதீர்கள். எது நிற்கும் என்று தெரியாது. முதலில் அதன் பயன்பாட்டைக் காட்டும் கோட்டுப்படத்தைத் திறந்து, எந்தெந்தச் சேவைகளுக்கு அழைப்பு போகிறது என்று பாருங்கள். ஒரு வாரம் பார்த்தால் போதாது, ஒரு மாதம் முழுவதும் பாருங்கள். மாதத்தின் முதல் தேதியில் மட்டும் ஓடும் கணக்கு அறிக்கை, நாள் முழுக்கத் தெரியும் நெரிசலுக்குள் ஒளிந்திருக்கும். பிறகு ஒவ்வொரு வேலைக்கும் அதனதன் எல்லையோடு புதிய சாவியை உருவாக்கி, ஒவ்வொன்றாக இடம் மாற்றுங்கள். பழைய சாவியின் கோடு அந்தக் கோட்டுப்படத்தில் சுழியத்தைத் தொட்டு, இன்னொரு மாத முதல் தேதியும் அமைதியாகக் கடந்தபின் அதை நீக்குங்கள். கூகுள் கிளவுடில் நீக்கிய சாவியை 30 நாள்களுக்குள் மீட்டெடுக்கலாம், அமேசானில் அழிக்குமுன் முடக்கிவைக்கலாம். எங்காவது கிடங்கில் இருக்கும் கணினியிலிருந்து தொலைபேசி வந்தால், அந்த வேலைக்கும் ஒரு சாவியை அதன் எல்லையோடு உருவாக்கிக் கொடுத்துவிட்டு நோட்டில் இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.